சிறையிலிருந்து வந்த ஆடிட்டர்



விடியற்காலையில் எங்கள் மடுகரைப் பக்கம் வந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பாட்டிமார்களும் அத்தைமார்களும் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்கு வேகமாக நடப்பார்கள். அங்கே பாலை அளந்து, எத்தனை லிட்டர் என்று அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். அதே கணக்கை சொசைட்டியின் நோட்டிலும் எழுதிக்கொள்வார்கள். சில பாட்டிகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த அட்டையை நகை மாதிரி பத்திரமாக வைத்திருப்பார்கள். அதில் எழுதியது எழுதியபடி பணமாக வரும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? நோட்டில் எழுதிய கணக்கெல்லாம் சரிதானா என்று வேறு ஒருவர் வந்து பார்க்கிறார். பால் வாங்கியது எவ்வளவு, விற்றது எவ்வளவு, கையில் இருக்கும் பணம் எவ்வளவு என்று சரிபார்த்து, கடைசியில் கையெழுத்துப் போடுகிறார். இந்த வேலைக்குத் தணிக்கை என்று பெயர். செய்பவரைத் தணிக்கையாளர் என்கிறோம். பேச்சில் எல்லோரும் சொல்லும் பெயர் ஆடிட்டர்.

ஒரு காலத்தில் நம் நாட்டில் ஆடிட்டர் என்றாலே ஆண்கள்தான். அந்தக் கையெழுத்தைப் போடும் உரிமை ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதற்கு முன்னால், அவர் சிறையையும் பார்க்க வேண்டியிருந்தது, நீதிமன்றத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. அவர்தான் ஆர்.சிவபோகம் அம்மையார், இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர். நம் தமிழ்நாட்டுக்காரர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

படிக்கப் போன பெண்

சிவபோகம் பிறந்தது 1907ஆம் ஆண்டு, ஜூலை 23ஆம் தேதி. அது எப்படிப்பட்ட காலம் தெரியுமா? பத்து வயதிலேயே பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிடுவார்கள். கணவன் இறந்துவிட்டால் அந்தச் சின்னஞ்சிறு பெண்ணின் வாழ்க்கையே வீட்டு மூலையில் முடிந்துவிடும். பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த இருட்டில் விளக்கேற்றியவர்களில் ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறு வயதிலேயே கணவனை இழந்த அவர், மனம் தளராமல் படித்து, 1911இல் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற இளம் விதவைகள் தங்கிப் படிக்கச் சென்னையில் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். லேடி வெலிங்டன் பள்ளியும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் அவர் பொறுப்பில் வளர்ந்தவை. அந்த லேடி வெலிங்டன் பள்ளியில் படித்தவர்தான் நம் சிவபோகம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்தார். மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கும் அந்தக் கல்லூரியை நீங்கள் சென்னைக்குப் போனபோது பார்த்திருக்கலாம். 1914இல் தொடங்கப்பட்ட அது, சென்னையில் பெண்களுக்கென்று ஏற்பட்ட முதல் கல்லூரி.

அன்று கல்லூரியில் படித்த பெண்கள் பெரும்பாலும் ஆசிரியை ஆவார்கள், அல்லது டாக்டர் ஆவார்கள். வேறு வேலைக்குப் பெண்கள் போகலாம் என்ற நினைப்பே பலருக்குக் கிடையாது. கணக்கு எழுதும் வேலையும் ஆண்களுடையதாகவே இருந்தது. கடைக்கணக்கு எழுதுபவரைக் கணக்குப்பிள்ளை என்பார்கள். கணக்குப்பிள்ளை என்றாலே தலைப்பாகை கட்டிய ஓர் ஆணின் உருவம்தான் எல்லோருடைய மனதிலும் வரும்.

கதர் கட்டிய தொண்டர்

சிவபோகம் வளர்ந்து ஆளானபோது நாடெங்கும் சுதந்திரப் போராட்டம் தீவிரமாக நடந்துகொண்டிருந்தது. 1930இல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்து போய் உப்பு எடுத்தார். அதே ஆண்டில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்தார்கள். சட்ட மறுப்பு இயக்கம் நாடு முழுவதும் பரவியது.

அந்தப் போராட்டத்தில் பெண்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. அந்நியத் துணி விற்கும் கடைகளின் முன்னால் அவர்கள் நின்றார்கள். வாங்க வருபவர்களிடம் கைகூப்பி, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தெருத்தெருவாகக் கதர் விற்றார்கள். போலீஸ் பிடித்தால் எதிர்க்காமல் வண்டியில் ஏறினார்கள்.

சென்னையில் இப்படிப் பெண்களைத் திரட்டியவர்களில் எஸ்.அம்புஜம்மாள் முக்கியமானவர். அவருடைய அப்பா எஸ்.சீனிவாச ஐயங்கார், பெயர் பெற்ற வழக்கறிஞர், 1926இல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர். செல்வமாக வளர்ந்த அம்புஜம்மாள் எல்லாவற்றையும் துறந்து கதர் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவருடைய வழிகாட்டலில் சிவபோகமும் சுதேசி இயக்கத்தில் சேர்ந்தார். கதரைப் பரப்பினார். அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்கும் போராட்டத்தில் கலந்துகொண்டார்.

விளைவு என்ன? கைது! ஓராண்டுச் சிறைத்தண்டனை! வேலூர்ச் சிறையில் அடைத்தார்கள்.

இங்கே ஒரு செய்தியை நினைவில் வையுங்கள். அந்த நேரத்தில் நம் மடுகரை, புதுச்சேரியைச் சேர்ந்த ஊர் என்பதால், பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது. எல்லையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் ஆங்கிலேயர் ஆட்சி. சிவபோகம் எதிர்த்து நின்றது அந்த ஆங்கிலேய ஆட்சியைத்தான்.

நாலு சுவருக்குள் ஒரு முடிவு

சிறை என்றால் என்ன? வெளியே போக முடியாது. வீட்டுச் சாப்பாடு கிடையாது. ஒரு நாள் ஒரு வாரம் மாதிரி நகரும். பலர் அந்த நாள்களைக் கவலைப்பட்டே கழித்துவிடுவார்கள். ஆனால் நம் விடுதலைப் போராட்ட வீரர்களில் பலர் சிறையைப் பள்ளிக்கூடமாக மாற்றிக்கொண்டார்கள். புதிய மொழி கற்றார்கள், நூல் நூற்றார்கள், புத்தகம் எழுதினார்கள்.

சிவபோகமும் அந்த ஓராண்டை வீணாக்கவில்லை. வெளியே போனதும் என்ன செய்வது என்று யோசித்தார். கணக்கியல் படிக்க வேண்டும், ஆடிட்டர் ஆக வேண்டும் என்று சிறையில் இருக்கும்போதே முடிவு செய்தார்.

சுதந்திரப் போராட்டத்துக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே சம்பந்தம் உண்டு! காந்தியடிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் மாணவராக இருந்தபோது பஸ் கட்டணம், தபால் தலை வரை ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, இரவு படுக்கும் முன் கூட்டிப் பார்ப்பார். தென் ஆப்பிரிக்காவில் 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியபோது, எவ்வளவு சிறிய தொகை வந்தாலும் ரசீது கொடுக்கச் சொன்னார். ஊர்ப் பணத்துக்குச் சரியான கணக்கு இல்லையென்றால் எந்தப் பொது வேலையும் நிலைக்காது என்பது அவருடைய உறுதியான எண்ணம். அந்தக் காந்தியடிகளைப் பின்பற்றியவர் கணக்குப் படிப்பைத் தேர்ந்தெடுத்தது பொருத்தம்தானே?

கணக்கு உதைக்கிறதா?

சரி, கணக்கியல் என்றால் என்ன? நீங்கள் பள்ளியில் போடும் கூட்டல், கழித்தல் கணக்குத்தானா? அதுவும் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு அக்கா 5,000 ரூபாய் போட்டுப் பெட்டிக்கடை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 3,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறார். இப்போது கையில் 2,000 ரூபாய்தான். அவர் 3,000 ரூபாயை இழந்துவிட்டாரா? இல்லை! அந்தப் பணம் சரக்காக மாறிக் கடையில் உட்கார்ந்திருக்கிறது. எனவே நோட்டில் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். சரக்குக் கணக்கில் 3,000 ரூபாய் உள்ளே வந்தது. ரொக்கக் கணக்கில் 3,000 ரூபாய் வெளியே போனது.

இப்படி ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதுவதற்கு இரட்டைப் பதிவு முறை என்று பெயர். உள்ளே வருவதைப் பற்று என்றும், வெளியே போவதை வரவு என்றும் எழுதுவார்கள். வீட்டில் நாம் சொல்லும் வரவு செலவுக்கு இது தலைகீழாகத் தோன்றும். புதிதாகப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் குழப்பும். போகப் போகப் பழகிவிடும்.

இதனால் என்ன லாபம்? மாதக் கடைசியில் பற்றுகளையெல்லாம் ஒரு பக்கமும், வரவுகளையெல்லாம் மறு பக்கமும் கூட்டினால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதைத்தான் நம் பெரியவர்கள் கணக்கு உதைக்கிறது என்பார்கள்.

நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு முறை பள்ளிச் சுற்றுலாவுக்குக் கணக்கு எழுதினேன். கடைசியில் 12 ரூபாய் உதைத்தது. என் பையிலிருந்து 12 ரூபாய் போட்டு முடித்துவிடலாம் என்று பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. ராத்திரி உட்கார்ந்து ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மோர் வாங்கிய ரசீது ஒன்றை இரண்டு தடவை எழுதியிருந்தேன்! அதைக் கண்டுபிடித்தபோது வந்த மகிழ்ச்சி இருக்கிறதே, புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. ஆடிட்டர்களுக்கு இந்தப் புதையல் வேட்டைதான் தினசரி வேலை.

இந்த இரட்டைப் பதிவு முறையை விளக்கி, 1494ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் வெனிஸ் நகரில் புத்தகம் அச்சிட்டவர் லூகா பசியோலி. அவர் ஒரு துறவி, கணித ஆசிரியர். ஓவியர் லியோனார்டோ டா வின்சிக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த நண்பர். இன்று உலகம் முழுவதும், கம்ப்யூட்டரில் கூட, கணக்கு எழுதுவது அந்த முறையில்தான்.

கேலியும் தேர்ச்சியும்

சிறையிலிருந்து வெளியே வந்த சிவபோகம் தம் முடிவைச் சொன்னபோது பலர் சிரித்தார்கள். ஒரு பெண் கம்பெனி கம்பெனியாகப் போய், ஆண்கள் எழுதிய கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதா என்று கேலி பேசினார்கள். அவர் பதில் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆடிட்டர் ஆவதற்குப் புத்தகப் படிப்பு மட்டும் போதாது. அனுபவம் உள்ள ஓர் ஆடிட்டரிடம் சில ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும். தச்சரிடம் சேர்ந்து இழைப்புளி பிடிக்கக் கற்பது போலத்தான் இதுவும். பேரேட்டைப் புரட்ட வேண்டும். ரசீதையும் பதிவையும் ஒப்பிட வேண்டும். சரக்கு அறைக்குப் போய், நோட்டில் இருக்கும் மூட்டைகள் நேரிலும் இருக்கின்றனவா என்று எண்ண வேண்டும். சிவபோகம் சி.எஸ்.சாஸ்திரி என்ற சென்னை ஆடிட்டரிடம் பயிற்சி பெற்றார்.

அந்தக் காலத்தில் சி.ஏ. என்ற படிப்பு நம் நாட்டில் ஏற்படவில்லை. அரசாங்கக் கணக்கியல் பட்டயம் என்று ஒரு தேர்வு இருந்தது. 1933இல் சிவபோகம் அந்தத் தேர்வில் வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 26. இந்தியாவில் ஒரு பெண் இந்தத் துறைக்குள் காலடி வைத்தது அதுதான் முதல் முறை!

இனி பெயர்ப் பலகை மாட்டி அலுவலகம் திறக்க வேண்டியதுதானே என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் வந்தது சோதனை.

சட்டம் போட்ட பூட்டு

தேர்வில் தேறினால் மட்டும் ஆடிட்டர் ஆகிவிட முடியாது. அரசாங்கத்தின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏறினால்தான் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடலாம். கையெழுத்து இல்லாத ஆடிட்டர், வாளில்லாத வீரன் மாதிரி.

சிறைத்தண்டனை பெற்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று ஆங்கிலேய அரசாங்கம் சட்டம் போட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம் போலத்தான் தோன்றும். திருடியவரும் மோசடி செய்தவரும் ஊர்ப் பணக் கணக்கைப் பார்க்கலாமா? கூடாது. ஆனால் சிவபோகம் யாருடைய பணத்தைத் திருடினார்? தாய்நாட்டுக்காகச் சிறை சென்றவரும் பணத்தைக் கையாடிச் சிறை சென்றவரும் ஒன்றா?

நினைத்துப் பாருங்கள் குழந்தைகளே. எந்தச் சிறையில் இருந்தபோது ஆடிட்டர் ஆக வேண்டும் என்று அவர் முடிவு செய்தாரோ, அந்தச் சிறைவாசமே இப்போது குறுக்கே வந்து நின்றது. இத்தனை படிப்பும் பயிற்சியும் தேர்வும் ஒரே வரிச் சட்டத்தால் வீணாகிவிடும் நிலை.

வேறு யாராவதாக இருந்தால், நமக்கு ஏன் வம்பு என்று ஆசிரியை வேலைக்குப் போயிருக்கலாம். சிவபோகம் ஒதுங்கவில்லை. சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

வழக்கு என்பது ஒரே நாளில் முடிகிற காரியமா? அலைய வேண்டும், காத்திருக்க வேண்டும், பணமும் செலவாகும். எதிரே நிற்பதோ ஆளுகின்ற அரசாங்கம். எல்லாவற்றுக்கும் துணிந்து நின்றார். கடைசியில் நீதி அவர் பக்கம் வந்தது. வழக்கில் வென்றார்! பதிவேட்டில் பெயர் ஏறியது.

1937இல் சிவபோகம் தனியாக ஆடிட்டர் தொழிலைத் தொடங்கினார். தேர்வில் வென்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அவருக்கு வயது 30. சிறைக்குப் போனவர் கையெழுத்துச் செல்லாது என்று சொன்ன அதே அரசாங்கத்தின் ஆட்சியில், அவருடைய கையெழுத்துச் செல்லத் தொடங்கியது.

கடல் கடந்தும் இதே கதை

பெண்களுக்குக் கணக்குத் துறையின் கதவு நம் நாட்டில் மட்டும் மூடியிருக்கவில்லை. இங்கிலாந்தில் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்ற பெண்மணி சொந்தமாகவே கணக்கு அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தார். பட்டயக் கணக்காளர் சங்கத்தில் தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பம் போட்டார். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் காத்திருந்தார். பெண்களுக்கு இருந்த தடையை நீக்கி 1919இல் சட்டம் வந்தது. அதன் பிறகு 1920இல் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். உலகின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தபோது, எழுபது வயதைத் தாண்டிவிட்டார்!

தலைமை நாற்காலி

1947இல் நாடு விடுதலை அடைந்தது. கணக்காளர்களுக்கென்று சுதந்திர இந்தியா தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின்படி 1949ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஏற்பட்டது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1ஆம் தேதியைப் பட்டயக் கணக்காளர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நாம் சி.ஏ. என்று சொல்கிறோமே, அந்தப் படிப்பை நடத்துவது இந்த நிறுவனம்தான்.

1950இல் சிவபோகம் அதன் மூத்த உறுப்பினர் தகுதியைப் பெற்றார். இந்த நிறுவனத்துக்கு நாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மண்டலக் குழு உண்டு. தென்னிந்தியாவுக்கு உள்ள குழுவின் தலைமையிடம் சென்னை. 1955இல் அந்தத் தென்னிந்திய மண்டலக் குழுவின் தலைவராகச் சிவபோகம் வந்தார். 1958 வரை அந்தப் பொறுப்பை வகித்தார். மண்டலக் குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான்.

அவர் தலைவரானதற்கு முந்தைய ஆண்டு, 1954 நவம்பர் 1ஆம் தேதிதான், நம் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டு இந்தியாவோடு சேர்ந்தது. இன்று நம் புதுச்சேரி ஆடிட்டர்களும் அதே தென்னிந்திய மண்டலத்தில்தான் வருகிறார்கள்.

எளிமையும் ஈகையும்

பெரிய பதவி வந்தபோதும் சிவபோகம் மாறவில்லை. காந்திய வழியை விடவில்லை. கதர்தான் உடை, எளிமைதான் வாழ்க்கை. கணக்குத் தொழிலோடு சமூக சேவையையும் விடாமல் செய்துவந்தார்.

தாம் நுழைந்த கதவு, தமக்குப் பின்னால் வரும் பெண்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை உண்டு. சி.ஏ. இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறும் சிறந்த மாணவிக்கென்று ஒரு பரிசை ஏற்படுத்தினார். தமக்குக் கேலியும் தடையும் கிடைத்த இடத்தில், அடுத்து வரும் பெண்களுக்குப் பரிசு கிடைக்கும்படி செய்துவிட்டார். எவ்வளவு பெரிய மனது பாருங்கள்!

1966ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி சிவபோகம் அம்மையார் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 58.

1933இல் அவர் ஒருவர்தான். இன்று நம் நாட்டில் பட்டயக் கணக்காளர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெண்கள் மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

நீங்களும் படிக்கலாம்

இந்தக் கதையைப் படித்ததும், நாமும் கணக்கியல் படித்தால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். வழி சொல்கிறேன், கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல் பாடங்கள் உள்ள பிரிவை எடுக்கலாம். மதிப்பெண் குறைந்தவர்கள் எடுக்கும் பிரிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிறகு கல்லூரியில் பி.காம். மூன்று ஆண்டுப் படிப்பு. அதற்கு மேல் எம்.காம்., ஆராய்ச்சிப் படிப்பு என்று போகலாம். நம் காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் வணிகவியல் துறை இருக்கிறது.

சி.ஏ. ஆக வேண்டுமா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் சேரலாம். அடிப்படைத் தேர்வு, இடைநிலைத் தேர்வு, இறுதித் தேர்வு என்று மூன்று படிகள். நடுவில் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டுப் பயிற்சி. பி.காம். படிப்பில் 55 சதவீத மதிப்பெண் பெற்றவர்கள் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேராக இடைநிலைக்குப் போகலாம். தேர்வு கடினமானது. பலர் இரண்டு மூன்று முறை எழுதித்தான் தேறுகிறார்கள். இதை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். எனவே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இப்போதிருந்தே தினம் பத்து ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

சி.ஏ. மட்டும்தான் என்று இல்லை. தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிடுபவர் அடக்கவிலைக் கணக்காளர். கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று கவனிப்பவர் கம்பெனிச் செயலர். இவற்றுக்கும் தனித்தனி நிறுவனங்களும் தேர்வுகளும் உண்டு. வங்கி, காப்பீடு, வருமான வரி, ஜி.எஸ்.டி., அரசாங்கக் கருவூலம், கூட்டுறவுச் சங்கம் என எங்கே பார்த்தாலும் கணக்குத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. மத்திய அரசும் மாநில அரசுகளும் செலவு செய்யும் பணத்தைத் தணிக்கை செய்ய, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்ற உயர்ந்த பதவியை நம் அரசியல் சட்டமே ஏற்படுத்தியிருக்கிறது. நம் புதுச்சேரி அரசின் கணக்கும் அவருடைய பார்வைக்குப் போகிறது. கணக்குப் படித்துவிட்டு என்னைப் போல வாத்தியார் வேலைக்கும் வரலாம்!

கணக்கெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுவிடுமே, பிறகு ஆள் எதற்கு என்று கேட்கிறீர்களா? கூட்டலைக் கம்ப்யூட்டர் போடும். ஆனால் நோட்டில் இருக்கும் நூறு மூட்டை கிடங்கில் இருக்கிறதா, பொய் ரசீதா உண்மை ரசீதா என்று சந்தேகப்பட ஒரு மனிதர் வேண்டும். தப்பு என்று தெரிந்தால், முதலாளியே ஆனாலும் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவும் வேண்டும். அரசாங்கத்தையே எதிர்த்து நின்ற சிவபோகம் அம்மையாரிடம் நாம் கற்க வேண்டியது அந்தத் துணிவைத்தான்.

இன்றே தொடங்குங்கள்

குழந்தைகளே, ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் உங்களுக்கு வந்த காசு, மறு பக்கம் நீங்கள் செலவழித்த காசு. தாத்தா கொடுத்த பத்து ரூபாயும் வரட்டும், கடலை மிட்டாய் வாங்கிய இரண்டு ரூபாயும் வரட்டும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, மீதிப் பணம் உண்டியலில் சரியாக இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

உதைத்தால் பயப்படாதீர்கள். எங்கே தவறு என்று தேடுங்கள். கண்டுபிடிக்கும் வரை விடாதீர்கள். அடுத்த தடவை உங்கள் பாட்டி பால் அட்டையைக் கொண்டுவந்தால், நீங்களே கூட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது பாட்டி என்று சொல்லுங்கள். பாட்டியின் முகத்தில் வரும் சிரிப்பைப் பாருங்கள். அதுதான் உங்களுடைய முதல் தணிக்கைக்குக் கிடைக்கும் சம்பளம்!

தெரிந்துகொள்ளுங்கள்

பேரேடு: ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கிக் கணக்கு எழுதும் பெரிய புத்தகம்.

இருப்பாய்வு: பற்று, வரவு இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் பட்டியல்.

ஐந்தொகை: ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஒரு நாளின் நிலையைக் காட்டும் அறிக்கை.

தணிக்கை: கணக்கை எழுதாத வேறு ஒருவர் அதைச் சரிபார்ப்பது.